ஒரு கட்டுக் கீழாநெல்லி: மூலிகை மருந்து பழகிய குழுவில் நடந்தது

பின்னணி

ஊர் துறையூர் வட்டாரத்தில் இருக்கிறது. ஒருபக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை. ஏரிப் பாசனத்தில் சம்பா நெல், மேட்டில் சின்ன வெங்காயம். அங்கே மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒன்பது பெண்கள், தோட்டத்திலும் காட்டோரத்திலும் கிடைப்பதை வைத்து மருந்து செய்யக் கற்றுத்தரும்படி கேட்டார்கள். நான் சித்த மருத்துவம் படித்தவன். அப்போது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் சித்தப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகச் சொன்னேன்.

செடியை அடையாளம் காட்ட ஊரிலேயே ஆள் இருந்தார். எழுபது தாண்டிய மூதாட்டி, ஊருக்கெல்லாம் அப்பாயி. எழுதப் படிக்கத் தெரியாது. மாமியாரிடம் கற்றுக்கொண்டு ஐம்பது வருடமாகப் பச்சிலை கொடுத்து வந்தவர்.

இந்த நிகழ்வில் முக்கியமாக வருபவர் குழுவிலேயே சுறுசுறுப்பான பெண், வயது 34. நோய்வாய்ப்பட்டவர் அவருடைய கணவரின் சித்தப்பா, வயது 52. பெயர்களைத் தவிர்ப்பதால் அவரை மருமகள் என்றும் இவரை மாமா என்றும் குறிக்கிறேன். ஊரில் ஒருவரை ஒருவர் அழைப்பதும் அப்படித்தான். இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே நான் எடுத்த ஒரு முடிவை முதலில் சொல்லிவிட வேண்டும். செடியை அறிவது, பறிப்பது, உலர்த்துவது, மருந்து செய்வது ஆகியவற்றைச் சொல்லித்தரலாம். நோயைப் பற்றி மட்டும் பேசவே கூடாது என்று வைத்துக்கொண்டேன். நோய்க்குறி சொல்லிக் கொடுத்தால் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்று பயம். அப்பாயி இரண்டொரு முறை 'இந்த இலைய இன்னாருக்குக் குடுக்கப்படாது' என்று ஆரம்பித்தபோது, 'அது அப்புறம் பாத்துக்கலாம் அப்பாயி, இப்ப செடியச் சொல்லுங்க' என்று நானே பேச்சை மாற்றினேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

தோட்டமும் காடும்

வைகாசியில் தொடங்கினோம். முதல் கேள்வி, மூலிகையை எங்கிருந்து எடுப்பது என்பது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி சிறு வனப்பொருள் சேகரிக்க உரிமை உண்டு. கீழ்நாட்டிலிருந்து போகும் எங்களுக்கு இல்லை. காப்புக்காட்டில் நன்னாரி வேர் தோண்டினால் அது குற்றம். தவிர, வேரைத் தோண்டினால் கொடி போய்விடுகிறது. ஆகவே காட்டுக்குப் போவது பார்க்க மட்டும், எடுப்பதெல்லாம் வீட்டுக் கொல்லையிலிருந்து என்று முடிவானது. ஆடாதோடையும் நொச்சியும் வேலியாயின. வேப்பமரத்தில் சீந்தில் ஏற்றினோம். தூதுவளை, ஓமவல்லி, கரிசாலை பாத்தியில். கீழாநெல்லியை யாரும் நடவில்லை. மழை பெய்தால் வாய்க்கால் வரப்பில் அதுவாக முளைக்கும்.

அப்பாயி கற்றுக்கொடுக்கும் விதம் வேறு. செடியின் பெயரைச் சொல்லமாட்டார். கையில் கொடுத்து 'கசக்கு' என்பார். பிறகு மோந்து பார்க்கச் சொல்வார், நாக்கு நுனியில் வைக்கச் சொல்வார். ஒரே செடியை ஆடியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை காட்டுவார். பூ இல்லாத சமயத்தில் தெரியாத செடி தெரிந்த செடி ஆகாது என்பது அவர் கணக்கு. நான் படங்கள் ஒட்டிய அட்டை கொண்டுபோயிருந்தேன். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மருமகள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். கீழாநெல்லிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'கிளையைத் திருப்பு. இலைக்குக் கீழே காய் வரிசையாகத் தொங்கும். காம்பு உண்டு, காய் வழவழப்பு.' சரியான குறிப்புதான்.

பொங்கிய மணப்பாகு

நடுவில் ஒரு சம்பவம். மருமகளுக்குத் தன் கைமேல் நம்பிக்கை வந்தது இதனால்தான்.

ஆடாதோடை மணப்பாகு செய்தோம். இலைக் குடிநீரை, அதாவது கஷாயத்தை, வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துப் பாகாக்குவதுதான் வேலை. ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு கிலோ சர்க்கரை என்று சொல்லியிருந்தேன். ரேஷன் சர்க்கரை குறைவாக இருந்ததால் மருமகள் ஒரு கிலோவோடு நிறுத்தி, கம்பிப் பதம் வருவதற்கு முன்னமே இறக்கிவிட்டார். கழுவிய பாட்டிலும் முழுக்கக் காயவில்லை. பன்னிரண்டாம் நாள் நடுராத்திரி அலமாரியில் மூடி தெறித்தது. காலையில் போய்ப் பார்த்தபோது பாட்டில் வாயில் நுரை, பழைய கள் வாடை, சுவரெல்லாம் பழுப்புச் சொட்டு.

பாகின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருந்தால் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் மிஞ்சாது. பாதியாகக் குறைந்தால் அதுவே ஈஸ்டுக்கு விருந்து. இதைச் சொன்னதும் மருமகள் வெங்காயத் தராசைக் கொண்டுவந்துவிட்டார். அடுத்த முறை எல்லாவற்றையும் நிறுத்தே போட்டார். பாகை விரலிடுக்கில் தொட்டு இழுத்து ஒற்றைக் கம்பி நிற்கிறதா என்று மூன்று தடவை பார்த்தார். பாட்டிலை வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தார். அந்தப் பாகு மாதக்கணக்கில் கெடவில்லை. சித்த நூல்கள் மணப்பாகுக்கு ஆறு மாதம் ஆயுள் சொல்கின்றன. சூரணம் என்ற பொடிக்கு மூன்று மாதம். குடிநீருக்கு மூன்று மணி நேரம்தான். இந்த மூன்றையும் தன் சமையலறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தார்.

நொச்சித் தைலமும் அதேபோல் நன்றாக வந்தது. அடியில் நிற்கும் கற்கத்தை, அதாவது அரைத்துப் போட்ட விழுதை, எடுத்துத் திரியாக உருட்டி விளக்கில் காட்டுவார்கள். சடசடவென்று பொரிந்தால் ஈரம் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் பதம். புரட்டாசிக்குள் குழுவில் பதம் பார்க்க எல்லோரும் அவரிடம்தான் போனார்கள். ஊரும் அவரிடம் வரத் தொடங்கியது. இருமல், மூட்டு வலி, சளி. அவர் காசு வாங்கவில்லை. எனக்குத் தெரிந்தே நடந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நோயாளி

ஐப்பசி. நல்ல மழை. மாமா தன் வயலிலும் அடுத்த வயலிலும் சேற்றுழவுக்கு இறங்கி, ஒரு வாரம் முழங்கால் தண்ணீரில் நின்றார். பாதம் முழுக்கப் பித்தவெடிப்பு. வரப்பில் எலிவளை நிறைய என்று பிறகு அவரே சொன்னார்.

உழவு முடிந்த சில நாட்களில் குளிரும் காய்ச்சலும். முதல் நாள், இரண்டாம் நாள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. காய்ச்சல் இறங்கி ஏறியது. உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலி. நான்காம் நாள் கண் மஞ்சள். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறம். வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை: காமாலை. காமாலைக்கு ஆங்கில மருந்து கிடையாது, பச்சிலைதான் என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. வீட்டிலேயே ஒருத்தி மருந்து படித்துக்கொண்டிருக்கும்போது வேறெங்கே போவது?

மருமகள் கேட்ட கேள்விகள் இரண்டு: 'மூத்திரம் மஞ்சளாப் போகுதா மாமா?', 'வாய் கசக்குதா?' இரண்டுக்கும் ஆமாம். வாய்க்கால் வரப்பில் ஒரு கட்டுக் கீழாநெல்லி பறித்து வந்து, வேரோடு அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் கலக்கி, ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம். மூன்று வேளை என்பது கணக்கு.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை நியாயமாகவே பார்க்க வேண்டும். பதினைந்து வருடம் முன்பு அவருடைய அப்பாவுக்குக் காமாலை வந்து, அப்பாயி கொடுத்த இதே இலையில் தீர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர். தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ என்ற வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும். அந்தச் சில வாரத்துக்குள் எந்த இலையைக் கொடுத்தாலும் பேர் இலைக்குப் போய்விடும். கீழாநெல்லிக்கு வெறும் பேர் மட்டும் இல்லை, ஆய்வுப் பின்புலமும் உண்டு. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது; வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். பிற நாடுகளில் செய்துபார்த்தபோது அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. இதில் முதல் பாதியை வகுப்பில் பெருமையாகச் சொன்னவன் நான். இரண்டாம் பாதியைச் சொன்னேனா என்று நினைவில்லை.

ஏழாம் நாள் காலை

மூன்றாம் வேளை மருந்தை டம்ளரில் எடுத்துக்கொண்டு மருமகள் போனபோது மாமா திண்ணையில் சுவரில் சாய்ந்து விக்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் விக்கல், நான்கு முறை வாந்தி. வெள்ளைவிழி மஞ்சள் மட்டுமல்ல, ஓரம் சிவந்து இரத்தம் கட்டியதுபோல். மருமகள் டம்ளரைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு அப்பாயியை அழைத்துவர ஓடினார். இந்த நிகழ்வில் உயிரைக் காப்பாற்றிய முடிவு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: அந்த மூன்றாம் வேளையை அவர் கொடுக்கவில்லை.

அப்பாயி வந்து கண்ணைப் பார்க்கவில்லை. நேராகக் காலடியில் உட்கார்ந்து கெண்டைக்காலை இரண்டு கையாலும் அமுக்கினார். மாமா அலறினார்.

'எப்பலேருந்து ஒண்ணுக்குப் போகல?'

வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்று மதியம் கொஞ்சம். அதற்குப் பிறகு இல்லை.

'சேத்துல எறங்குனானா?'

'ஒரு வாரமா, அப்பாயி.'

'இது பச்சிலைக்கு அடங்குற காமாலை இல்லடி. மொதல்ல வண்டியக் கூப்பிடு.'

108 வந்தது. துறையூரில் பார்த்துவிட்டு உடனே திருச்சிக்கு அனுப்பினார்கள்.

மருத்துவமனையில்

எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரோடு தேங்கிய நீரில் கலந்து, தோல் வெடிப்பு வழியே உடம்பில் ஏறுகிறது. ஆரம்பத்தில் பிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையே போதும். பிந்தினால் ஈரலோடு சிறுநீரகமும் பழுதாகி, தட்டணுக்கள் குறைந்து, இரத்தக் கசிவு வரும். மாமா பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார். இரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிருபின் 18, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் 6.2, தட்டணுக்கள் 38,000. ஆனால் ஈரல் காயத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 96 மட்டும்தான். வைரஸ் காமாலையில் இந்த எண் பல நூறு, ஆயிரம் என்று ஏறும். நிறம் இத்தனை மஞ்சள், ஈரல் இத்தனை குறைவாகக் காயம் என்ற பொருத்தமின்மையே எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வைக்கும்.

ஒரு சிக்கல் இங்கே நேர்ந்தது. 'நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா?' என்று பணியிலிருந்த மருத்துவர் கேட்டதற்கு வீட்டார் இல்லை என்றார்கள். திட்டுவார்களோ, சேர்க்கமாட்டார்களோ, மருமகள்மேல் கேஸ் ஆகுமோ என்று பயம். மறுநாள் மருமகள் மஞ்சள் பையோடு வந்து, மீதிக் கட்டை மேசைமேல் வைத்து, 'ரெண்டு நாள் இதக் குடுத்தேன் சார்' என்றார். மருத்துவர் திட்டவில்லை. என்ன அளவு, எத்தனை வேளை என்று கேட்டு எழுதிக்கொண்டார். அன்று மாலை எனக்குப் போன் வந்தது.

ஊசி மருந்தும் மூன்று டயாலிசிஸும். ஐந்தாம் நாள் சிறுநீர் போகத் தொடங்கியது. பதினாறாம் நாள் வீடு. இரண்டு மாதம் கழித்துச் சோதித்தபோது கிரியாட்டினின் பழைய நிலைக்கு வந்திருந்தது.

செடி மாறியதா?

மஞ்சள் பையிலிருந்த கட்டைப் பிரித்து செய்தித்தாளில் பரப்பினேன். 41 செடிகள். ஒவ்வொன்றாகக் கிளையைத் திருப்பிப் பார்த்ததில் 27 கீழாநெல்லி. 11-இல் தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டி, தொட்டால் சொரசொரப்பு. பார்வைக்குக் கீழாநெல்லி போலவே இருக்கும் இன்னொரு இனம் அது. ஈரமான வரப்பில் கலந்து வளரும். மூன்று பூவோ காயோ இல்லாத குருத்துகள். எதுவென்று சொல்ல முடியவில்லை.

'செடி மாறிப்போச்சாம்' என்று ஊர் பேசியது. குழுவும் அப்படியே நம்பியது. வெளியே சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் சொல்கிறேன்: இந்த நிகழ்வைப் பற்றி நான் முதலில் எழுதிய குறிப்பும் செடியை இனங்காணும் பயிற்சியின் குறைபாடு என்றே ஆரம்பித்தது. மூன்று பக்கம் காம்பு, காய், தண்டின் நிறம் என்று எழுதிய பிறகுதான் உறைத்தது. கட்டில் இருந்த 41-உம் அசல் கீழாநெல்லியாக இருந்திருந்தாலும் மாமாவுக்கு ஏழாம் நாள் காலை இதே விக்கல்தான் வந்திருக்கும். கலந்துவிட்ட பதினொன்று அவருக்குக் கெடுதல் செய்ததாக ஓர் அடையாளமும் இல்லை. கெடுத்தது இரண்டு நாள் தாமதம். அந்தத் தாமதத்துக்குக் காரணம், செடி என்று வந்தால் காம்பு வரை பார்க்கப் பழகிய ஒருவருக்கு, ஆள் என்று வந்தால் எதைப் பார்ப்பதென்று யாரும் சொல்லித்தராதது.

சொல்லித்தரத் தெரிந்தவர் ஒவ்வொரு ஞாயிறும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான்தான் அவர் வாயை அடைத்தேன். நோயைப் பற்றிப் பேசாமல் இருந்தால் வைத்தியம் பார்க்கமாட்டார்கள் என்பது என் கணக்கு. மருந்து கைக்கு வந்த பிறகு யாரும் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். அக்கம்பக்கம் வாசலில் வந்து நிற்கும். இல்லை என்று சொல்ல ஒரு காரணம் தெரிந்திருந்தால்தானே சொல்ல முடியும்?

எடுத்த முடிவுகள்

முதலில், ஊருக்கு மருந்து தருவது நின்றது. மணப்பாகையும் தைலத்தையும் சந்தையில் வைக்கலாம் என்று குழு யோசித்துக்கொண்டிருந்தது. 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டப்படி விற்பனைக்குச் சித்த மருந்து செய்ய உரிமம் வேண்டும். அதை முன்பே சொல்லியிருந்தேன், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. இந்த முறை அந்த யோசனையைக் குழுவே கைவிட்டது.

மாமாவின் தம்பி போலீசுக்குப் போவேன் என்றார். மாமாவே தடுத்தார். நான் அவர்கள் வீட்டுக்குப் போய், பயிற்சியை நடத்தியவன் என்ற முறையில் தவறு என்னுடையது என்று சொன்னேன். அதனால் மருமகளின் பாரம் குறைந்ததா, தெரியவில்லை. மார்கழி முழுக்க அவர் வகுப்புக்கு வரவில்லை.

பிறகு பாடத்தைத் திருப்பிப் போட்டோம். இப்போது முதல் மூன்று ஞாயிறும் செடியே கிடையாது. அப்பாயி பேசுவார், நான் கூடச் சேர்ந்துகொள்வேன். காமாலையை எடுத்துக்கொண்டால், காய்ச்சல் விடாமல் இருக்கிறதா, கெண்டைக்காலை அமுக்கினால் வலிக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறது என்று கேட்க வேண்டும். மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் பித்தப் பாதை அடைப்பாக இருக்கலாம். பகலில் தூங்கி இரவில் விழித்துப் பிதற்றினால் ஈரல் கைவிடுகிறது என்று பொருள். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு கேள்வியும் வேண்டாம், வண்டிதான்; ஹெபடைடிஸ் இ கர்ப்ப காலத்தில் உயிருக்கே உலை வைக்கும். அதேபோல் ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆகவே பிள்ளைத்தாய்ச்சிக்கு இருமல் என்றாலும் அந்தப் பாட்டிலைத் தொடக்கூடாது. இதைத்தான் அப்பாயி ஆடி மாதமே சொல்ல வாயெடுத்தார்.

இன்னொரு மாற்றம் சின்னது. மருந்து கொடுத்தால், எந்த இலை, எவ்வளவு, எப்போது என்று துண்டுச் சீட்டில் எழுதி நோயாளியிடமே தரவேண்டும். மருத்துவமனைக்குப் போனால் அந்தச் சீட்டோடு போகவேண்டும். ஒளிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் வீட்டில் வந்தாலே ஒரு நாள் மிச்சமாகும்.

இதுவும் போதுமா என்று எனக்கு உறுதி இல்லை. கெண்டைக்கால் வலியில்லாத எலிக்காய்ச்சலும் உண்டு. என்னிடம் கேட்டால், கண் மஞ்சளாக இருக்கும் யாருக்கும் இரத்தப் பரிசோதனைக்கு முன் எந்த இலையும் வேண்டாம் என்பேன். அப்பாயி இதை ஒப்புக்கொள்ளவில்லை. 'ஊர்ல பாதிப் பேருக்கு நான் குடுத்து நல்லாயிருக்கான், நீ எதுக்கு எல்லாத்தையும் ஆஸ்பத்திரிக்குத் தொரத்துற?' என்கிறார். வகுப்பில் இரண்டு பேரும் இரண்டு விதமாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது

தை பிறந்து மருமகள் திரும்பி வந்தார். நோட்டில் கீழாநெல்லிப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் காலியாக இருந்தது. அதில் தேதி போட்டு, மாமாவின் நோய் வரலாற்றை முதல் நாளிலிருந்து எழுதியிருக்கிறார். எந்த நாளில் தான் என்ன கேட்டார், என்ன கேட்காமல் விட்டார் என்பதும் அதில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த நான்கு பெண்களுக்கு அதையே வாசித்துக் காட்டினார். தைலம் காய்ச்சுகிறார். மணப்பாகு தன் வீட்டுக்கு மட்டும்.

மாமா இப்போது வயலில் ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்குகிறார். டீக்கடையில் மட்டும் வேறு கதை சொல்கிறார்: 'அந்த ரெண்டு வேளை கீழாநெல்லி உள்ள போனதாலதான் திருச்சி போற வரைக்கும் உசுரு நின்னுச்சு.' மருமகள் ஒருமுறை 'அப்படி இல்ல மாமா' என்று சொல்லிப் பார்த்தார். 'உனக்கென்ன தெரியும், போம்மா' என்றாராம். போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர், மாமா அனுப்பினார் என்று சொல்லி, காமாலைக்கு இலை கேட்டு வந்திருக்கிறார். மருமகள் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, வேட்டியைக் கொஞ்சம் மேலே தூக்கச் சொல்லி, கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்திருக்கிறார்.